மாசிலாமணி வண்டு

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அந்த நர்ஸ் பெண். மருந்து எரிந்தது. சோப்புத் தண்ணீர் பட்ட மாதிரி வழவழப்பான எரிச்சல், அதன் பின்னாலேயே தொண்டையில் ஒரு கசப்பு, கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படிப் போகிறது என்று வேதநாயகி யோசித்தாள், யோசித்ததுமே விடையும் வந்தது, கண்ணின் ஓரத்திலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள். கண்பாப்பா விரியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு இன்னொரு சொட்டு, அதன் பிறகுதான் டாக்டர். கண்ணை மூடும் முன் கடைசியாகப் பார்த்தது, அந்த நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்களையும் கிழவிகளையும், எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியில் ஊசி குத்தி வரிசையாக வைத்த பூச்சிகள் மாதிரி. இப்போது அவளும் அந்த வரிசையில் ஒன்று. வலப்பக்கம் கணவரின் குரல். மாசிலாமணிக்குப் பக்கத்தில் ஆள் கிடைத்துவிட்டது. பஸ்ஸோ ரேஷன் கடையோ கண் ஆஸ்பத்திரியோ, உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் அவருக்கு ஓர் ஆள் கிடைத்துவிடும். "எந்தூருங்க?" என்றார். "ஆனைமலைப் பக்கமுங்க, தென்னந்தோப்பு" என்றது ஒரு கரகரத்த குரல். "அட, ஆனைமலைங்களா! அந்தக் காட்டுல எங்க கால் படாத இடமே கிடையாதுங்க. இவ யூனிவர்சிட்டில புரபசரா இருந்து ரிட்டையர் ஆனவ. வண்டு ஆராய்ச்சி." வேண்டாம், என்று வேதநாயகி மனசுக்குள் சொன்னாள், இன்றைக்கு வேண்டாம். "வண்டுங்களா? தென்னங்குருத்தத் தின்னுபோட்டு மட்டையெல்லாம் கத்திரி வெச்சு வெட்டுன மாதிரி பண்ணுதே, அதுங்களா?" "அது வேறீங்க. இது சாணி வண்டு. நல்லது செய்யற வண்டு. என்ற பேர்லயே ஒண்ணு இருக்குதுங்க." "உங்க பேர்லயா?" "ஆமாங்க. ஓந்தோபேகஸ் மாசிலாமணீ. லண்டன்ல இருக்கறவனும் அப்படித்தான் சொல்லோணும்." தென்னந்தோப்புக்காரர் சிரித்தார். "கோயில்ல ட்யூப் லைட்டு மேல பேரு எழுதுவாங்க, பாத்திருக்கறேன். வண்டு மேல எழுதி இப்பத்தானுங்க கேக்கறேன்." மாசிலாமணியும் சேர்ந்து சிரித்தார், சிரிக்கும்போது அவர் தோள் அவள் தோளில் இடித்தது.

அந்த வண்டு இல்லை. இல்லை என்றால், வண்டு இருக்கிறது, காட்டில் இந்த நேரத்தில்கூட மாட்டுச் சாணியைக் குடைந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும், பெயர்தான் இல்லை. பெயர் இல்லை என்று ஒரு பெண் நிரூபித்துவிட்டாள், நிரூபித்து எழுதி அனுப்பிவிட்டாள், அந்தக் கட்டுரை மழைக்கு முன்னாலேயே வந்து இன்னும் வேதநாயகியின் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. ஆய்வுக் கட்டுரை அச்சாவதற்கு முன் அந்தத் துறையில் தெரிந்தவர் ஒருவர் படித்துச் சரி சொல்ல வேண்டும், படித்தவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. சாணி வண்டில் தெரிந்தவர் யார் என்று பத்திரிகை ஆசிரியர் தேடியிருப்பார், வேதநாயகி என்று வந்திருக்கும், எத்தனை வருஷமாக அப்படித்தான் வருகிறது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, இது என் வேலையைத் திருத்துகிற கட்டுரை, நான் பார்ப்பது முறையில்லை என்று ஒரு வரி எழுதித் திருப்பியிருக்கலாம். ஒரே ஒரு வரி. அதற்குப் பதில் அவள் செய்தது என்ன, சரி, பார்க்கிறேன் என்ற பொத்தானை அமுக்கினாள். ஏன் அமுக்கினாள்? விரல் அமுக்கியது. விரல் மேல் பழியைப் போடாதே. எழுதியவள் பெயர் ஜெபசீலி, நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஏதோ ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை, வருஷா வருஷம் கோடை விடுமுறையோடு நின்றுபோகிற வேலை. ஒருமுறை பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள், மடியில் அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில், குலுங்காமல் இருக்க வேண்டுமென்று பெட்டியைக் கையில் ஏந்தியபடியே வந்திருக்கிறாள், இறங்கியபோது முழங்கை மடங்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெயருக்கு ஆதாரமாகச் சிவப்புச் சீட்டு குத்தி வைத்த அந்த முதல் மாதிரியைக் காட்டச் சொன்னாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு, "மேடம், இதோட பொண்ணு எங்க வச்சிருக்கீங்க?" என்றாள். "பொண்ணு கிடைக்கலம்மா. ஆண் மட்டும்தான் வந்துச்சு." "ஓ" என்றாள் ஜெபசீலி. அந்த ஓவில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அதுதான் அன்றைக்கு வேதநாயகிக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம்.

ஜெபசீலி செய்தது சின்ன வேலைதான், யாரும் செய்திருக்கக் கூடிய வேலை. வெள்ளைக்காரன் காலத்திலேயே பெயர் வைத்த ஒரு வண்டு உண்டு, பெரிய உடம்பு, ஆணுக்குத் தலையில் வளைந்த இரண்டு கொம்பு. அதன் பெண்ணைப் பிடித்து வளர்த்தாள். குஞ்சுப் புழுக்களில் சிலதுக்கு நிறையச் சாணி கொடுத்தாள், சிலதுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தாள். நிறையத் தின்ற ஆண்கள் கொம்போடு வந்தன. அரைவயிறு தின்ற ஆண்கள் சின்ன உடம்போடு, கொம்பே இல்லாமல், மாசிலாமணீ ஆக வந்தன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வேதநாயகி உலகத்துக்குப் புது இனம் என்று சொன்னது சாப்பாடு போதாமல் வளர்ந்த தம்பியை. படித்து முடித்தபோது, எவ்வளவு அழகான வேலை என்றுதான் முதலில் தோன்றியது, அது அவளுக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது, அழகு என்று தோன்றிய மறுநொடிதான் காது சூடானது. அதற்கப்புறம் அவள் எழுதி அனுப்பினாள், மாதிரிகள் போதாது, மழைக்காலத்திலும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. அது நியாயமான கேள்விதான். நியாயமானதா? எந்தப் பேராசிரியரும் கேட்கக் கூடிய கேள்வி. கேள்வி நியாயம், கேட்ட வாய் நியாயம் இல்லை. அந்தப் பெண் கொட்டுகிற மழையில் மலை ஏறினாள், அட்டை கடித்துக் கால் புண்ணாகி, திரும்ப எல்லாவற்றையும் செய்து அனுப்பினாள், முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கேட்க ஒன்றுமில்லாததால் வேதநாயகி சும்மா இருந்தாள். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம். காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பாள், அந்தக் கட்டுரையைத் தாண்டி வேறு எதையாவது திறப்பாள், சாயங்காலம் மூடுவாள். கண் மங்குகிறது, கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று தனக்கே ஒரு சமாதானம். ஆசிரியரிடமிருந்து நினைவூட்டல் வந்தால், உடல்நிலை சரியில்லை, சற்று அவகாசம் தேவை. உடல்நிலை!

"அந்த வண்டு எப்படிக் கெடச்சுதுன்னு கேளுங்க" என்றார் மாசிலாமணி. கேட்காமலே சொல்லுவார். மண்ணில் குழி தோண்டி, பிளாஸ்டிக் டப்பாவைப் புதைத்து, மேலே துணியில் சாணியை முடிந்து தொங்கவிட வேண்டும், வாசத்துக்கு வருகிற வண்டு டப்பாவுக்குள் விழும். மின்வாரிய ஆபீசில் லீவு போட்டுவிட்டு அவர்தான் குழி தோண்டுவார், அவர்தான் சாணி சுமப்பார், புரமோஷனோடு வெளியூர் மாற்றல் வந்தபோது, இவ காட்டுக்குத் தனியா போவாளா என்று வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். புல்லுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து உண்ணிக் காய்ச்சல் வந்தது. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் பிடிபடவில்லை, அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புத் தழும்பு, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் சரியான மருந்து. அந்தக் கதையை அவர் இப்போதும் சிரிப்புக் கதையாகவே சொன்னார், "டாக்டரே கைய விரிச்சுட்டாருங்க, நான் போயிருந்தா வண்டுக்கு என்ற பேரு மட்டும் மிச்சம்." தென்னந்தோப்புக்காரர் த்சொ த்சொ என்றார். அவருக்குத் தெரியாது. மாசிலாமணிக்கும் தெரியாது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் அவள் எங்கே இருந்தாள். பக்கத்து அறையில், மேஜை விளக்கடியில், அவர் கடைசியாகக் கொண்டுவந்த டப்பாவைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டுகள் காய்ந்துவிட்டால் கால் ஒடியும், இதை முடித்துவிட்டுப் போகலாம். நாயகி, என்று கூப்பிட்டார். வர்றேங்க, என்றாள். நாயகி. இதோ வந்துட்டேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிடாததால் தூங்கிவிட்டார் என்று நினைத்தாள், நினைக்க வசதியாக இருந்தது. போய்ப் பார்த்தபோது கண் செருகிக் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டது மாரியம்மனிடமா மருதமலை முருகனிடமா, யாரிடமோ, இவர் பிழைத்து எழட்டும், நான் இவருக்கு ஏதாவது செய்கிறேன். அவர் பிழைத்தார். அவள் வீட்டுக்கு வந்து, பாதியில் விட்ட அந்த டப்பாவை மறுபடி எடுத்தாள். சின்னதாக, கொம்பில்லாமல், கறுப்பாக, சில ஆண்கள்.

அங்கேதான் சிக்குகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் அந்த இடத்துக்கு வந்ததும் நினைவு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது. அது புது இனம் என்று அவள் கண்டாளா, புது இனமாக இருக்க வேண்டும் என்று வேண்டினாளா? கொம்பு இல்லை, சரி. உடம்பு சிறிசு, சரி. கடைசி ஆதாரம் ஆண்குறியின் வடிவம், இனத்துக்கு இனம் மாறுவது அதுதான், பூட்டுக்குப் பூட்டு சாவி மாதிரி. எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள், நுனியில் ஒரு வளைவு இருந்தது, இருந்தது, அதில் சந்தேகமில்லை, பெரிய வண்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவு. எவ்வளவு கூடுதல்? கையால் வரைந்தாள், மைப் பேனாவில், அந்தக் காலத்தில் எல்லாம் கையால்தான். வரைந்த படத்தில் வளைவு நன்றாகவே தெரிந்தது. கண்ணில் இருந்த வளைவு அவ்வளவுதானா, கையில் கொஞ்சம் சேர்ந்ததா? பேனா கொஞ்சம் அதிகமாக ஓடியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா? ஜெபசீலி தன் கட்டுரையில் அந்தப் படத்தைப் பற்றி ஒரே வாக்கியம்தான் எழுதியிருந்தாள், மூலப் படத்திலுள்ள வளைவை மாதிரியில் காண முடியவில்லை. மரியாதையான வாக்கியம். காண முடியவில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேதநாயகி ரீடர் ஆனாள், பேராசிரியர் ஆனாள், எந்தக் கருத்தரங்கிலும் அறிமுகப்படுத்துகிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்லுவார்கள். வேறு எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறாள், யானைச் சாணத்தில் வரும் வண்டுகள், தேயிலைத் தோட்டத்து ஓரம், பூச்சிமருந்தால் மேய்ச்சல் நிலத்தில் வண்டு குறைவது பற்றி ஒன்று, அதுதான் நிஜமாகவே நல்ல கட்டுரை, அதை யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கணவர் பெயர் வைத்த வண்டு. ஒருநாள் அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னையாட்டவே கொம்பில்லாதவனா இருக்கறான்" என்றார். அன்று முதல் கொம்பில்லாதவன் என்பது வீட்டில் ஒரு செல்லப்பெயர்.

விரல்கள் கன்னத்தில் பட்டன. "அம்மா, இன்னொரு சொட்டு, மேல பாருங்க." இமைக்குள் வெள்ளை வெளிச்சம் பாய்ந்து உடனே மருந்து நிரம்பியது. "மூடிக்குங்க, திறக்காதீங்க." மறுபடி அந்தக் கசப்பு. கைப்பைக்குள் போனில் மெசேஜ் வந்த ஒலி. வேதநாயகிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. போன வாரம்தான் ஜெபசீலிக்கு இன்டர்வியூ, நிரந்தர வேலைக்கு. அதற்கு முன்னால் ஒரு மெசேஜ் வந்திருந்தது, மேடம், பேப்பர் ஒன்று நிலுவையில் இருக்கிறது, படிக்கிறவரிடமே நின்றுகொண்டிருக்கிறதாம், நீங்கள் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? எந்தக் கட்டுரை என்று சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம், மேடத்தின் வண்டு ஆயிற்றே, வெளிவந்ததும் நேரில் வந்து சொல்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு வேதநாயகி பதில் எழுதினாள். பொறுமையாக இரும்மா, எல்லாம் நல்லபடி நடக்கும். அந்த வரியை எழுதின அதே கையை இப்போது மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். "போன்ல ஏதோ வந்துச்சு, பாக்கட்டுமா?" என்றார் மாசிலாமணி. வேண்டாம் என்று சொல்லுவதற்குள் கைப்பையின் ஜிப் ஓசை. பொடி எழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அவர் வாய்விட்டுப் படித்தார். "'மேடம், அந்த வேலை கிடைக்கல. பேப்பர் வந்திருந்தா எடுத்திருப்போம்னு ஓப்பனாவே சொன்னாங்க. அடுத்த மாசம் திருச்சில இன்னொரு இன்டர்வியூ இருக்கு. அடிக்கடி தொந்தரவு பண்றேன், மன்னிச்சிருங்க. கண் டெஸ்ட் இன்னைக்குத்தானே, நல்லபடியா முடியணும்னு ஜெபம் பண்றேன்.'" போன் திரும்பப் பைக்குள் விழுந்தது. "பாவம், யாரு நாயகி இந்தப் புள்ள?" "நம்ம டிபார்ட்மெண்டுக்கு வந்திருந்துச்சுங்க. ஜெபசீலி." "எவனோ ஒருத்தன் அது பேப்பர் மேல குண்டிய வெச்சு உக்காந்துட்டு இருக்கறானாட்ட இருக்குது. நீ போன் போட்டு நாலு கேள்வி கேக்கக்கூடாதா? வயித்துப் பொழப்புல கைய வெக்கறானே."

அவள் கண்ணைத் திறந்தாள். கூடம் பாலில் கரைந்த மாதிரி இருந்தது. அவர் முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் தோய்ந்த ஒரு பழுப்பு, மூக்கில்லை, கண்ணில்லை, கோபமா என்ன என்று பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. "அது நான்தானுங்க" என்றாள். "எது?" "உக்காந்துட்டு இருக்கறது." அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் இருமலை அடக்கிக்கொண்டது கேட்டது. வேதநாயகி குரலைத் தாழ்த்திச் சொன்னாள், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினாள், கொம்பிருக்கிற வண்டும் கொம்பில்லாத வண்டும் ஒரே தாய் பிள்ளைகள் என்று அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள், அது அச்சானால் உங்கள் பெயர் போய்விடும், பழைய பெயர்தான் நிற்கும். "நம்ம வண்டு இல்லைன்னு சொல்லுதா?" "ஆமாங்க." "சரியாத்தான் சொல்லுதா?" "சரியாத்தான் சொல்லுது." "உனக்கு எப்பத் தெரியும்?" "படிச்ச அன்னைக்கே." அந்தப் பழுப்பு அசைந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. "அதுக்காகவா அந்தப் புள்ளைய இப்படி வெச்சிருக்கற? எனக்காகவா?" அவள் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். எத்தனை மாதமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், அவருக்கு வலிக்கும், அவர் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார், அதை எப்படிப் பிடுங்குவது. ஆனால் எதிரே முகம் இல்லாமல் குரல் மட்டும் நின்று கேட்டபோது, அந்த ஆமாம் வாய்க்குள்ளேயே புளித்தது. அந்த மைப் பேனாதான் தெரிந்தது, அந்த வளைவு. "இல்லீங்க" என்றாள். "எனக்காகத்தான். உங்களச் சாக்கு வெச்சுக்கிட்டேன்."

மாசிலாமணி எழுந்தார். செருப்புச் சத்தம் வரிசையைத் தாண்டிப் போனது, எந்தப் பக்கம் போனது என்று கூட்டத்தின் சத்தத்தில் பிடிபடவில்லை. வேதநாயகி திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். டோக்கன் கூப்பிடுகிற மைக், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, பினாயில் வாசனை. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத அந்த மத்தியானம், பக்கத்து அறையில். அவர் வீட்டுக்குப் போயிருப்பாரா? போகமாட்டார். போனாலும் தப்பில்லை. தெருவில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், இல்லை, இன்றைக்கு யாரிடமும் பேசமாட்டார், அந்த நினைப்புதான் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போய்விட்டது, அதை இனி என்ன எழுதினாலும் திருப்ப முடியாது, வேறு யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. திருச்சி இருக்கிறது. திருச்சி இருக்கிறது என்பது மன்னிப்பு ஆகிவிடாது. "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார் தென்னந்தோப்புக்காரர் திடீரென்று, எதைப் பற்றி என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்கு அழுகை வந்தது, வந்தால் மருந்து கரைந்துவிடும் என்று அடக்கினாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. தோள் படவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். "போன என்ற கையில கொடு" என்றார். "நீ இன்னைக்கு எழுத்துப் பாக்க முடியாது. சொல்லு, நான் அடிக்கறேன்." "வீட்டுக்குப் போயி நாளைக்கு..." "நாளைக்கு வேண்டாம். சொல்லு." அவள் சொன்னாள், ஆசிரியருக்கு, இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாக. கட்டுரையைப் படித்தேன். முடிவுகள் சரி. உடனே வெளியிட வேண்டும். 'பப்ளிகேஷன்'னுக்கு ஸ்பெல்லிங் கேட்டார், எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தாமதத்துக்கு நான் மட்டுமே காரணம், இது என் சொந்த ஆய்வைத் திருத்துகிற கட்டுரை, நான் இதை ஏற்றிருக்கவே கூடாது. "இதையும் போடோணுமா?" "போடுங்க." 'ரெஸ்பான்சிபிள்'லுக்குக் கேட்டார். ஒற்றை விரலால் அடிக்கிறார், ஒவ்வொரு எழுத்துக்கும் போன் டக் டக் என்றது, தப்பினால் நிறுத்தி அழித்துத் திரும்ப அடித்தார், அவசரமே இல்லை. "அந்தப் புள்ளைக்கு?" "அதுக்கு நான் நேர்ல போயிச் சொல்றேன். நாகர்கோவிலுக்கு." கடைசி வாக்கியம் மிச்சமிருந்தது. இன்ன பெயர் இனிமேல் செல்லாது. வாக்கியத்தைத் தொடங்கி, அவர் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு, மற்றதற்கெல்லாம் சொன்ன மாதிரியே, எம், ஏ, எஸ் என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். டக் டக் சத்தம் அவளுக்காக நிற்கவில்லை. ஒருதரமும் தப்பாமல், அழிக்காமல், அவள் நாலாவது எழுத்துக்கு வருவதற்குள் ஓடி முடிந்திருந்தது.

"அடிச்சாச்சு" என்றார் மாசிலாமணி. "அப்புறம்?"